அப்பாவின் பழைய காரை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் காரின் ஏர் ஃபில்டர் டப்பாவை 2021ல் ஒரு மாசி மாத மதியம் திறந்தபோது உள்ளே எலிக்கூடு இருந்தது. வைக்கோல், உமி, அம்மாவின் பழைய நூல்புடவையில் ஒரு கிழிசல் எல்லாவற்றையும் சேர்த்து வட்டமாகப் பின்னி வைத்திருந்தது எலி. பிளக் ஒயர் இரண்டு இடத்தில் செம்பு தெரியக் கடிபட்டிருந்தது. 1998 மாடல் மாருதி 800 அது. அப்பா வாங்கிய ஒரே கார். 2019ல் அவர் போனபிறகு, விற்க மனசும் வராமல், ஓட்ட நேரமும் இல்லாமல் கொட்டகையில் நிறுத்தியிருந்தோம். அப்பாவின் ஞாபகமாக வைத்திருக்கிறோம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்று அந்த டப்பாவைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

பாபநாசம், வலங்கைமான், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு கார் தென்படும். தென்னங்கீற்றுக் கொட்டகையில் ஒரு அம்பாசிடர், வைக்கோல்போருக்குப் பின்னால் ஒரு பத்மினி, போர்டிகோவில் தார்ப்பாய் மூடிய ஒரு ஜென். வைத்துக்கொண்டு ஓட்டுவது சரி. நல்ல கையில் கொடுத்துவிடுவதும் சரி. இரண்டும் இல்லாமல் நிறுத்தி வைத்திருப்பதுதான் காருக்கும் கெடுதல், அதை வாங்கியவருக்கும் மரியாதை இல்லை. அந்த இரண்டுங்கெட்டான் நிலையிலிருந்து வெளியே வர நான் என்னென்ன செய்தேன், எங்கே தப்பு செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: கார் யார் பெயரில் இருக்கிறது?

எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். நம் ஊரில் பாதிப் பழைய கார்கள் காலமானவர்கள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது.

உரிமையாளர் காலமானால், வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் 3 மாதம் வரை அந்த வண்டியை ஓட்டலாம். அதற்குள் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31 கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் அலுவலகத்து வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். காலம் தாண்டிவிட்டாலும் முடியாமல் போவதில்லை, தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நாங்கள் இரண்டு வருஷம் தாண்டிப் போய்த்தான் மாற்றினோம். வெளியூரில் இருக்கும் தங்கையிடம் கையெழுத்து வாங்கத்தான் அதிக நாள் ஆனது. காரைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாலும் இந்த வேலையைச் செய்தே ஆகவேண்டும். இறந்தவர் பெயரிலிருந்து நேராக வாங்குபவர் பெயருக்குப் போகாது, முதலில் வாரிசு பெயருக்கு வரவேண்டும்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ நல்லபடியாக இருந்து, கார் அவர் பெயரில் இருக்கிறதென்றால், ஆர்.சி.யில் வாரிசுதாரர் நியமனம் செய்ய இப்போது வழி இருக்கிறது. இன்றைக்கே செய்யுங்கள்.

அடுத்தது ஆர்.சி.யின் ஆயுள். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம், அதற்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். "பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா கவர்ன்மென்ட் எடுத்துக்கும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகளுக்குக் கொண்டுவந்த கட்டுப்பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்கிற பேச்சு அது. தமிழ்நாட்டில் ஆய்வில் தேறினால் கார் ஓடலாம்.

கட்டணம்தான் ஏறிவிட்டது. எங்கள் காருக்கு 2018ல் அப்பா கட்டியது 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆனது. 2023ல் நான் அதைக் கட்டினேன். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 10,000 ஆக்கிவிட்டார்கள். ஆக 2028ல் எனக்கு 10,000, பசுமை வரி தனி. படிவம் 25ல் விண்ணப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்னாலிருந்து கொடுக்கலாம். ஆய்வுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் தேடிப் பிடித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, லேசாக கிரீஸ் தடவி வையுங்கள். துரு ஏறி நம்பர் படிக்க முடியாமல் போய்விட்டால் நல்ல காரும் அங்கே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாம் படி: காருக்கு அடியில் படுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். ஒரு பழைய கோரைப்பாய், டார்ச், மழுங்கிய ஸ்குரு டிரைவர் போதும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், பட்டறையில் ஸ்டாண்ட் வைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

எங்கள் காரைப் பார்த்தவர் பாபநாசம் பக்கத்தில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் பாய். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. நேராக முன்சீட்டுக் கால்மிதியை உருவினார், ரப்பர் ஷீட்டைக் கிழித்தார், ஃப்ளோரை ஸ்குரு டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் 'தப்' என்றது. கூர்முனையைத் திருப்பி அங்கே அழுத்தினார். உள்ளே போய்விட்டது. விரல் நுழையும் அளவு ஓட்டை, கீழே தரை தெரிந்தது.

நான் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் இல்ல தம்பி, தகடு வெட்டி வெல்டு வெச்சுடலாம். இன்னும் மூணு எடம் பாக்கணும், அதுதான் விஷயம்" என்றார். அந்த இடங்களை நீங்களும் பாருங்கள்.

முதல் இடம், பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் முன் ஷாக் அப்சார்பர் வந்து மாட்டும் தலைப்பகுதி. இரண்டாவது, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதி. மூன்றாவது, பின்சக்கரத்து சஸ்பென்ஷன் பாடியில் மாட்டும் இடம். மாருதி 800 மாதிரி காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். இந்த மூன்று இடமும் இற்றுப்போனால் மேலே எவ்வளவு பளபளவென்று பெயின்ட் இருந்தாலும் அது காராக நிற்காது. கூடவே பேட்டரித் தட்டையும் கவனியுங்கள். ஆசிட் கசிந்து அங்கேதான் முதலில் அரிக்கும்.

ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். கீழே இருந்தபோது நன்றாக மூடிய கதவு, தூக்கியதும் இடித்தாலோ கொண்டியில் உட்காராவிட்டாலோ பாடி வளைகிறது என்று அர்த்தம்.

பாய் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு அளவுகோலாகிவிட்டது. "எஞ்சின் மனுஷன் மாதிரி தம்பி, வைத்தியம் பாத்துக்கலாம். பாடி வீடு மாதிரி. உத்திரம் உளுத்துப்போச்சுன்னா சுண்ணாம்பு அடிச்சு என்ன பண்றது?"

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னும் கறாராகப் பார்க்கவேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி காற்றில் உப்பு இருக்கிறது. வேதாரண்யம் பக்கத்தில் என் சித்தப்பா ஒரு அம்பாசிடர் வைத்திருந்தார், 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் போட்டது. சாவியைத் திருப்பினால் ஒரே சுற்றில் பிடிக்கும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் கொட்டகை அதன் மேல் சாய்ந்தது. கூரை நசுங்கியதைக்கூட டிங்கரிங் செய்து நிமிர்த்திவிட்டார்கள். அப்போதுதான் கீழே பார்த்தார்கள். அடிப்பாகம் முழுக்க அப்பளமாக இருந்தது. எஞ்சின் அவ்வளவு நன்றாக இருந்தும் அந்தக் காரைக் கொடுத்துவிட்டார், அது சரியான முடிவு. கொடுத்த விதம்தான் தப்பாகிவிட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: எஞ்சின்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள். நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகக் கொட்டினால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் கார்புரேட்டர் வேலையோடு முடியும். அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட். 800ல் மூன்று சிலிண்டர். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினால் நிம்மதி. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்த பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

உதிரிபாகம் கிடைக்குமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றாலும் அதே 796 சிசி எஞ்சின் போட்ட ஆம்னி 2019 வரை வந்தது, அதனால் எஞ்சின் சாமான் இன்னும் சிரமமில்லாமல் கிடைக்கிறது. அம்பாசிடர் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் ரொம்ப முன்னால். இவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டை வரை ஆள் விட வேண்டியிருக்கும்.

நான்காம் படி: ஒரு நோட்டில் கணக்கு

கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவை மட்டும் எழுதுங்கள். பெட்ரோல் வேண்டாம். என் நோட்டில் இருப்பது இது, ஒரு வருஷத்துக்கு:

தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ், வரியோடு: 2,471
ஆர்.சி. புதுப்பிப்பு, 10,000ஐ ஐந்தால் வகுத்தது: 2,000
டயர், ஐந்து வருஷத்துக்கு ஒரு செட் என்று: 2,800
பேட்டரி, மூன்று வருஷத்துக்கு ஒன்று: 1,400
ஆயில், சர்வீஸ்: 5,000
எதிர்பாராத வேலை: 8,000

மொத்தம் 21,671. நான் வருஷத்துக்குச் சுமார் 2,500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 70 பைசா. இதே கார் கல்யாணம் கருமாதிக்கு மட்டும் 500 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 43 ரூபாய். அந்த விலைக்கு வாடகைக் கார் டிரைவரோடு வாசலில் வந்து நிற்கும்.

இன்ஷூரன்ஸ் தொகை சிசியைப் பொறுத்தது. 1000 சிசிக்கு உள்ளே 2,094, 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897, இதற்கு மேல் 18 சதவீதம் வரி. சித்தப்பாவின் 1.8 அம்பாசிடர் கடைசிப் பிரிவில் விழும், 1489 சிசி எஞ்சின் உள்ள பழைய அம்பாசிடர் நடுப்பிரிவில் விழும். ஒரே மாதிரி தெரிகிற இரண்டு காருக்கு இத்தனை வித்தியாசம். ஓனர் டிரைவர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இல்லாவிட்டால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

டயர் விஷயத்தில் பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23வது வாரம் செய்தது. நிற்கிற காரில் பட்டன் தேயாது, ரப்பர் மட்டும் வெடித்துக்கொண்டிருக்கும்.

இந்த 21,671 ரூபாய் "விற்றுவிடு" என்று சொல்வதாக நினைக்காதீர்கள். ஆசைக்கு வருஷத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது, அவ்வளவுதான். எனக்குக் கட்டுபடியாகிறது, கொடுக்கிறேன்.

ஐந்தாம் படி: வீட்டில் பேசுங்கள்

இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன், அது தப்பு. காரை வைக்கலாமா கொடுக்கலாமா என்று நேராகக் கேட்டால் யாரும் மனசில் இருப்பதைச் சொல்லமாட்டார்கள். அம்மாவிடம் முதலில் அப்படித்தான் கேட்டேன். "நிக்கட்டுமேப்பா, அதுக்கு என்ன சோறா போடறோம்?" என்றாள்.

சில நாள் கழித்து வேறு மாதிரி கேட்டேன். "அம்மா, கார் இல்லாம போச்சுன்னா உனக்கு எதும்மா இல்லாத மாதிரி இருக்கும்?" அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். "உங்கப்பா தெருமுனை திரும்பறப்ப ஒரே ஒரு தடவை ஹாரன் அடிப்பாங்க. அதக் கேட்டுட்டுத்தான் நான் பால அடுப்புல வெப்பேன்."

அவளுக்கு வேண்டியிருந்தது ஓடுகிற கார். கொட்டகையில் நிற்கும் கார் அந்தச் சத்தத்தைத் தரவே தராது. இது தெரிந்த பிறகு எங்களுக்கு முடிவெடுப்பது ரொம்பச் சுலபமாகிவிட்டது.

உங்கள் வீட்டில் பதில் வேறாக இருக்கும். அப்பாவின் கையெழுத்துள்ள சர்வீஸ் புத்தகமாக இருக்கலாம். ஸ்டியரிங்கில் தேய்ந்த அந்த ஒரு இடமாக இருக்கலாம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த குங்குமப் பொட்டாக இருக்கலாம். வேண்டியது காரின் ஒரு பொருள்தான் என்றால், அந்தப் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு காரைக் கொடுத்துவிடலாம், யாருக்கும் மனக்குறை வராது. தங்கைக்கு அப்பாவின் சாவிக்கொத்து போதும் என்றாள். இப்போது அது அவள் வீட்டுப் பீரோ சாவியில் தொங்குகிறது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். இந்தக் காரில் ஏறி இறங்க முடிகிறதா? என் அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்வான சீட்டிலிருந்து எழ, கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை முயல வேண்டியிருக்கிறது. மன்னார்குடி மருத்துவரிடம் போகும் நாளில் நாங்கள் வாடகைக் காரைத்தான் கூப்பிடுகிறோம்.

ஆறாம் படி: மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள்

பாதுகாப்புக்கு அவசியமான பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு, பெட்ரோல் ஹோஸ் ஆகியவற்றை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். பெயின்ட், சீட் கவர் எல்லாம் இப்போது வேண்டாம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் உயிரோடு இருக்கவேண்டும். அப்புறம் வாரத்தில் இரண்டு நாளாவது எடுங்கள். சந்தைக்கு, கோயிலுக்கு, வயலுக்கு.

மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டித் தொடங்கினால் ஆனி, ஆடி, ஆவணி என்று ஓட்டிவிட்டுப் புரட்டாசியில் முடிவெடுக்கலாம். ஐப்பசி அடைமழைக்குள் முடிவு வந்தாக வேண்டும். இன்னொரு மழைக்காலத்தை முடிவில்லாமல் கொட்டகையில் கழித்தால் துரு உங்களுக்காக முடிவெடுத்துவிடும்.

இந்த மூன்று மாதத்தில் உங்கள் மனசையும் கவனியுங்கள். நான் முதல் மாதம் ஸ்டியரிங்கைப் பிடித்தாலே தொண்டை அடைத்துக்கொண்டது. மூன்றாவது மாதம் வலங்கைமான் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகும்போது, அது என் காராகவும் ஆகியிருந்தது. இன்னொரு நண்பருக்கு நேர்மாறாக நடந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது நின்றுபோய், கார் என்றாலே எரிச்சல் வந்துவிட்டது. எரிச்சல் வளர்ந்து ஞாபகத்தையே கெடுப்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டார். நல்லதுதான் செய்தார்.

ஏழாம் படி: முடிவு

நான் கோடு போடும் இடங்கள் இவை. பாய் சொன்ன அந்த மூன்று இடத்தில் இரண்டு இற்றுவிட்டதென்றால் கொடுத்துவிடுங்கள். அந்தக் காரைத் தெரிந்த மெக்கானிக் அரை மணி தூரத்தில் இல்லையென்றாலும் கொடுத்துவிடுங்கள். வீட்டில் ஓட்டுகிற ஆள் யாரும் இல்லாமல், எல்லாரும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தால், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் கொடுப்பதுதான் காருக்குச் செய்யும் நல்லது. எஞ்சின் வேலை, கிளட்ச் வேலை, பெயின்ட் மங்கல் இவற்றுக்காக மட்டும் நல்ல பாடி உள்ள காரை விடாதீர்கள்.

இது வீட்டின் ஒரே கார் என்றால் கணக்கு வேறு. புதுக் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. நம் பழைய கார்களில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அடிக்கடி போகவேண்டிய குடும்பம் அதற்கு வேறு கார் வாங்குவதுதான் நியாயம். என் 800ஐ நான் அந்தச் சாலையில் ஏற்றுவதில்லை.

வைத்துக்கொள்வதாக இருந்தால்

ஃப்ளோர் வெல்டிங்கை முதலில் முடித்து, அடியில் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். துருவைச் சுரண்டாமல் மேலே பூச்சு அடித்தால் உள்ளேயே வளரும், பக்கத்தில் நின்று பாருங்கள். கதவுகளுக்குக் கீழே தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். தென்னை ஈர்க்கு ஒன்றை விட்டு அடைப்பை எடுத்துவிடுங்கள். கதவு அடியில் துரு பிடிப்பது பெரும்பாலும் இந்த அடைப்பால்தான்.

மண்தரைக் கொட்டகை வேண்டவே வேண்டாம். டெல்டாக் களிமண் மழைக்காலம் முழுக்க ஈரத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். சிமென்ட் தளம் போட முடியாவிட்டால் நான்கு சக்கரத்துக்கும் நடுவிலும் கருங்கல் பலகை பரப்புங்கள். முழுக்க மூடும் தார்ப்பாயும் கூடாது, உள்ளே புழுங்கும்.

எலி. சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் வயல் காலியானதும் அவை வீட்டுப் பக்கம் வரும். ஏர் ஃபில்டர் மூக்கில் கம்பிவலை கட்டுங்கள். பகலில் பானெட்டைத் திறந்து வையுங்கள், வெளிச்சம் இருந்தால் கூடு கட்டாது. புகையிலை கட்டித் தொங்கவிடுவார்கள், எனக்கு அது ஒரு வாரத்துக்கு மேல் உதவவில்லை. கார் வாரம் இருமுறை நகர்ந்தால் எலி தங்காது. நாலு வருஷமாக எங்கள் காரில் கூடு இல்லை.

அறுப்பு நாளில் சாலையில் வைக்கோல் பரப்பியிருக்கும் இடத்தை முடிந்தவரை தவிர்த்துச் சுற்றிப் போங்கள். வேறு வழியில்லாமல் அதன் மேல் போக நேர்ந்தால், தாண்டியதும் நிறுத்திக் கீழே குனிந்து பாருங்கள். வைக்கோல் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். மழையில் தண்ணீர் ஏறி எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு வாருங்கள்.

பெட்ரோல் பற்றி ஒன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023க்கு முன் வந்த கார்களின் ரப்பரும் கேஸ்கட்டும் அதற்காகச் செய்தவை அல்ல. ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் அதே பெட்ரோலைத் தொட்டியில் விடாதீர்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே பாருங்கள்.

மிராசுதார் வீடுகளில் 50 வருஷம் தாண்டிய கார்கள் இன்னும் இருக்கின்றன. அசல் வடிவம் மாறாமல் இருந்தால் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பர் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்புறம் தினசரி ஓட்டமுடியாது. கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். வாரம் இருமுறை ஓட்ட ஆசைப்படுபவர்கள் சாதாரணப் பதிவிலேயே இருங்கள்.

கொடுத்துவிடுவதாக இருந்தால்

யாருக்குக் கொடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. அதிக விலை சொல்பவரைவிட அந்த மாடலை ஏற்கெனவே ஓட்டுபவருக்கு முதலிடம் கொடுங்கள். அவருக்கு உதிரிபாகம் எங்கே என்று தெரியும். பட்டறைகளில் சொல்லி வைத்தால் இப்படிப்பட்டவர்கள் தானாக வருவார்கள். துரு இருக்கும் இடத்தை நீங்களே காட்டுங்கள்.

ஓடவே ஓடாத கார் என்றால், காயலான் கடைக்குக் கொடுப்பதோடு விஷயம் முடியாது. இரும்பு போய்விடும், ஆர்.சி. உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும். பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்து, டெபாசிட் சான்றிதழும் அழிப்புச் சான்றிதழும் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள். டெபாசிட் சான்றிதழ் இருந்தால் புது வண்டியின் வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. வாங்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சித்தப்பா கதை. ஒரு தரகர் வந்தார், பேசினார், பணத்தை எண்ணிக் கொடுத்தார். விற்பனைத் தகவலுக்கும் பெயர் மாற்றத்துக்குமான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் இல்லாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போனார். வருஷம் ஒன்று தாண்டிய பிறகு வேறு மாவட்டத்திலிருந்து விபத்து வழக்கு நோட்டீஸ் சித்தப்பா பெயருக்கு வந்தது. இன்ஷூரன்ஸும் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விற்றுவிட்டேன் என்பது பதிலாகாது என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அந்த நோட்டீஸை மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

அதனால் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்க் கொடுத்துவிடுவது உத்தமம். வெளி மாநிலத்துக்குப் போகிற காருக்குப் படிவம் 28ல் தடையில்லாச் சான்றும் வேண்டும். டீலருக்குக் கொடுத்தால் அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அங்கீகாரம் பெற்ற டீலர், காரை எடுத்துக்கொண்ட தகவலை ஆன்லைனில் பதிய வழி இருக்கிறது.

ஒப்படைக்கும் நாளில் ஒப்படைப்புச் சீட்டு ஒன்று எழுதுங்கள். தேதி மட்டும் போதாது, மணியும் நிமிடமும் வேண்டும். அன்று மாலையே அந்தக் கார் எங்காவது மாட்டினால் அந்த நேரம்தான் உங்களைக் காக்கும். ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். ஃபாஸ்டாகைக் கிழித்து எடுத்து கணக்கையும் மூடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் கடக்கும் சுங்கச்சாவடிக்கு உங்கள் வங்கியிலிருந்து பணம் போகும். டேஷ்போர்டு அறை, சீட்டுக்கு அடி, ஸ்டெப்னி குழி மூன்றையும் துழாவுங்கள். எங்கள் காரின் சீட்டுக்கு அடியில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு கிடந்தது, உள்ளே கண்ணாடியோடு. காணோம் என்று அவர் ஒரு வாரம் தேடியது அது.

அப்புறம் சாவி. ஒன்றை மட்டும் அன்றைக்குக் கொடுங்கள். வண்டிப் பதிவு விவரம் பார்க்கும் அரசின் 'வாகன்' இணையதளத்தில் உங்கள் கார் நம்பரைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்த அன்று இரண்டாவது சாவியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.